இன்னும் ஒரு விரல் தூரம்

பொம்மைக் கட்டைகளை அடுக்கிச் செய்த கிரேன் ஒன்று கட்டில்மேல் நின்றதாம். அதன் கை, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த மூன்று குழாய்கள்: பெரியவன், நடுவன், சின்னவன்.

சுவரோர இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் கோழிக்குஞ்சு விழுந்துவிட்டது. "சீக்கிரம் தூக்குங்கண்ணே! பெருக்க வந்தா குப்பையோட போயிடுவேன்!" என்று அலறியது.

கை இடுக்குக்குள் நீண்டது. சின்னவன் நுனியிலிருந்த கொக்கி எட்ட, இன்னும் ஒரு விரல் தூரம்தான்.

"நடுவண்ணே, உனக்குள்ள மாட்டியிருக்கிற என் வாலை விடு!" என்றான் சின்னவன்.

"கொஞ்சமாவது எனக்குள்ள இருடா."

"நான் பேர் வாங்கிடுவேன்னு பொறாமை உனக்கு!"

நடுவனுக்குச் சுருக்கென்றது. விட்டுவிட்டான்.

தடால்! சின்னவன் கொக்கியோடு கோழிக்குஞ்சின் பக்கத்தில் போய் விழுந்தான்.

காலியான வாயோடு நடுவன் மேலேயே நின்றான். கீழே இருட்டில் கோழிக்குஞ்சு சின்னவனைக் கேட்டது:

"ஏண்ணே, என்னைத் தூக்க வந்தீங்களா, துணைக்கு வந்தீங்களா?"