இரண்டாவது ஆட்டம்

“மாதாவே, எப்படியாச்சும் தோத்துப் போகணும்.”

புஷ்பமேரியின் விரல்கள் முந்தானைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தன. மேட்டுப்பட்டியின் அந்தச் சின்ன வீட்டில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் டிவி முன்னால் குவிந்திருந்தார்கள்.

பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான சர்வதேசத் தகுதிச் சுற்று. இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. முதல் ஆட்டத்தில் இந்தியா 2-1 என்று ஜெயித்திருந்தது. வெளிநாட்டில் நடக்கும் இந்த ஆட்டத்தில் 0-2.

“இன்னும் ஒரு கோல் போட்டா சரிக்குச் சரி. நம்ம இனிகோ போட்ருவான்,” என்றார் அவள் கணவர் பாக்கியராஜ்.

“ஜெயிச்சா அடுத்து வயசு சரிதானான்னு மணிக்கட்டு எலும்பைக்கூடப் படம் புடிச்சுப் பாப்பாங்களாமேண்ணே?” என்றாள் பக்கத்து வீட்டு சத்யபிரியா.

“அதெல்லாம் பாத்துக்கலாம்.” பாக்கியராஜ் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

சுவரில் ஒரு ஜோடி கால்பந்து பூட்ஸ் தொங்கியது. இரண்டு வருடத்துக்கு முன் சாணார்பட்டிக் கிணற்றில் ஒரு மகனைப் பறிகொடுத்த பிறகுதான் அவர்கள் இங்கே குடிவந்தார்கள்.

“மூத்தவன் ரொனால்டு போட்டதாக்கா? பதினாறு வயசுப் பயலுக்கு இம்புட்டுச் சின்னப் பாதமா?” என்றாள் சத்யபிரியா.

“அவனுக்கு அம்புட்டுத்தான்.” புஷ்பமேரி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“எல்லாரும் ஜெயிக்கணும்னு வேண்டுறோம். நீங்க ஏங்க்கா அழுறீங்க?”

“எனக்கு மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். அவன் வீடு வந்து சேர்ந்தாப் போதும்.”

கடைசி நிமிடம். இந்தியாவுக்குப் பெனால்டி. பந்தை எடுத்து வைத்தவன் இனிகோ.

“ஏலே, தூக்கி அடிச்சிராத! தரையோட போடு!” பாக்கியராஜ் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

கோல்கீப்பர் இடப்பக்கம் பாய்ந்தான். வலப்பக்கம் முழுக்கக் காலி. பந்து கம்பத்துக்கு மேலே பறந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது.

“ஆனைக்கும் அடி சறுக்கும்ணே,” என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பாக்கியராஜ் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து போன் அடித்தது. புஷ்பமேரி அதை அடுப்படிக்கு எடுத்துப் போனாள்.

“விடு இனிகோ. யாருக்கும் தவறத்தான்ப்பா செய்யும்.”

“தவறலம்மா. வேணும்னுதான் வெளிய அடிச்சேன்.”

அவள் கதவைச் சாத்தினாள்.

“தம்பி பேர்ல, தம்பி வயசுல, இதுக்கு மேல என்னால ஓட முடியாது,” என்றான் அவன்.

“அம்மா, என்னை ரொனால்டுன்னு கூப்பிடு.”