கூடாத கூடம்

“இந்த ஹாலே வேண்டாம்மா. குறுக்கச் சுவர் எழுப்பி ஆறு ரூமாப் பிரிச்சிருவோம். படுக்கவாவது ஆகும்” என்றார் சீனிவாசகம்.

பிரீத்திக்குச் சுருக்கென்றது. அவள் தனியாக வரைந்ததில் எழுந்து நிற்கிற முதல் கட்டடம் இந்த மாணவர் விடுதி. அதிலும் நடுவில் இருக்கிற இந்தக் கூடத்துக்காகத்தான் மதுரை ஆபீஸில் அத்தனை பேரிடமும் மல்லுக்கட்டியிருந்தாள்.

தன் அறைக்குப் போகிற எவனும் கூடத்தைத் தாண்டித்தான் மாடி ஏற வேண்டும். தாண்டுகிறவன் நிற்பான், நிற்கிறவன் உட்காருவான், உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனோடு பேசுவான் என்பது அவள் போட்ட கணக்கு. பையன்கள் தாண்டினார்கள். அதோடு சரி.

“நீங்கதானம்மா சொன்னீக, பிள்ளைக ஒண்ணுமண்ணாப் பழகும்னு. காலேஜ் தொறந்த நாள்லேர்ந்து பாக்கேன், ஒரு பய இங்கன உக்காரல.”

அவர் குரலில் கோபத்தைவிட ஆற்றாமைதான் அதிகமாக இருந்தது. சிவகாசியில் காலண்டர் கம்பெனி வைத்திருப்பவர். கல்யாண மண்டபம் கட்டச் சொன்ன சொந்தக்காரர்களைச் சட்டை செய்யாமல், கட்டினால் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றவர். காலேஜ் நாளில் வாடகை அறையில் காய்ச்சலோடு கிடந்தபோது எட்டிப் பார்க்க ஒரு ஆளில்லை என்று அவளிடமே எத்தனையோ முறை சொல்லிக் கண் கலங்கியிருக்கிறார்.

அந்த மனிதர் என்னதான் செய்யவில்லை? கேரம் போர்டு வாங்கிப் போட்டார். சுவர் அகலத்துக்கு டிவி மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ஹாலில்தான் என்று சட்டம் போட்டார், பையன்கள் தட்டோடு மாடியேறினார்கள். சாயங்காலம் டீயும் சாத்தூர் காராச்சேவும் வைத்தார். சேவு மட்டும் தவறாமல் தீர்ந்துவிடும், பொட்டலம் பொட்டலமாக மேலே போய்.

பிரீத்தியும் தன் பங்குக்குப் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டுப் பார்த்தாள். ஜன்னலோரம் தள்ளிப் பார்த்தாள். கண் கூசுகிறதோ என்று விளக்கை மாற்றினாள். இன்றைக்குக் காற்றுதான் பத்தவில்லையோ என்று ஃபேனுக்குக் கீழே அண்ணாந்து நின்றபோது, படித்த படிப்பே தண்டமோ என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“எல்லாம் அந்தச் செல்போன் பண்ற வேலை.” வாசலுக்கு நேரே போட்டிருந்த தம் நாற்காலியில் சீனிவாசகம் உட்கார்ந்தார். “நானும் தெனமும் வந்து இங்கன உக்காந்து, வாற பிள்ளைகளை ஒவ்வொண்ணாக் கூப்புட்டு விசாரிக்கேன். வாயத் தொறக்க மாட்டேங்கான்.”

வெளியே காலேஜ் பஸ் வந்து நின்றது. முதலில் ஒரு ஒல்லிப் பையன் உள்ளே வந்தான்.

“வாலே. போன வாரம் சேந்த பயதான? பேரென்ன?”

“விக்னேஷ்வரன் சார்.”

“எந்த ஊரு?”

“வெம்பக்கோட்டைப் பக்கம் சார்.”

“அங்கன எந்தத் தெரு?”

“பஸ் ஸ்டாப்புகிட்ட சார்.”

“ஸ்டாப்புக்கு மேக்கயா, கெழக்கயா?”

பையன் பையைத் தோள் மாற்றிக்கொண்டான். “கெழக்க சார்.”

“சரி சரி. நல்லாப் படிக்கணும், என்ன? டீயக் குடி. சேவு எடுத்துக்க.”

பையன் தலையாட்டினான். இரண்டையும் தொடாமல் படியேறிப் போய்விட்டான்.

“பாத்தீகளா? ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள ஓடுதான். இவனுகளுக்கு ஹால் ஒரு கேடா?”

பிரீத்திக்கும் எரிச்சலாக வந்தது. இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிற மனிதரிடம் ஒரு நிமிஷம் நின்றால் என்ன குறைந்துபோகும்? முதல் நாள் அவளையும்தான் இப்படி விசாரித்தார். மதுரையில் அப்பார்ட்மெண்ட் என்றதும், “அது கெடக்கட்டும்மா, பூர்வீகம் எந்தத் தெரு?” என்று விடாமல் கேட்டார். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

“கொத்தனாரை நாளைக்கு வரச் சொல்லிட்டேன்மா. மனசு விட்டுப்போச்சு.”

அதற்குள் பஸ்ஸில் வந்த மற்ற பையன்களும் சேவுப் பொட்டலத்தோடு மேலே போய்விட்டிருந்தார்கள். ஆறு அறை கூடினால் தண்ணீர் பத்துமா என்று தொட்டியையாவது பார்ப்போம் என்று பிரீத்தி மாடியேறினாள். மொட்டை மாடிக் கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. தரை கொதித்தது. தொட்டியின் துண்டு நிழலில் விடுதியே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. நடுவில் விரித்த பேப்பரில் சேவு கிடந்தது. ஒருவன் மடியில் இன்னொருவன் தலை வைத்துப் படுத்திருந்தான். கீழே வாயே திறக்காத விக்னேஷ்வரன் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்ல, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

காகிதத்தில் அவள் வரைந்து பார்த்த கூடம் இதுதான். பிரீத்திக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏம்ப்பா, உங்களுக்காகத்தானே அவ்வளவு பெரிய ஹால் கட்டிப் போட்டிருக்கு? ஃபேன் இருக்கு, பெஞ்சு இருக்கு, டிவி இருக்கு. அங்க இல்லாதது இந்த வேகாத வெயில்ல என்ன இருக்கு?”

சிரிப்பு நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விக்னேஷ்வரன்தான் தலை குனிந்தபடி சொன்னான்.

“இங்கன யாரும் எந்தத் தெருன்னு கேக்க மாட்டாக, அக்கா.”