தன்னால் நின்றுவிடும்

"எவ்ளோ நாளா ரத்தம் வருதும்மா?" என்று கேட்டாள் பல் டாக்டர் காவ்யா.

நாற்காலியில் சாய்ந்திருந்த சுதாவுக்கு வருஷக் கணக்கு வராது. எழிலின் வயதை வைத்துத்தான் அவளுக்கு எல்லாக் கணக்கும்.

அப்போது எழில் வயிற்றில் ஐந்து மாதம். கோவில்பதாகை வீட்டில் பல் தேய்த்துத் துப்பியபோது நுரை சிவந்திருந்தது. பதறிப்போனவளை அடுத்த வீட்டுச் சாமுண்டீஸ்வரி அக்காதான் தேற்றினாள்.

"புள்ளத்தாச்சிக்கு ஈறு அப்டித்தான் வீங்கும். கொயந்த பொறந்தா தன்னால நின்னுடும்."

நிற்கவில்லை.

ஈறு நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வலிக்காது. வலித்தால்தானே யாரும் எட்டிப் பார்ப்பார்கள்.

எழிலுக்கு மூன்று வயதானபோது ஈறு பல்லை விட்டு விலகி, வேர் மஞ்சளாகத் தெரிந்தது. ஐந்தில் வாய் நாறத் தொடங்கியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கூட வேலை செய்பவர்களிடம் வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள். ஆறில், பிள்ளைகளுக்குப் பால்பல் ஆடுகிற வயதில், ஆடியது இவள் பல்.

டாக்டரிடம் போகலாம் என்று கணவன் தேவராஜ் கூப்பிடாத வருஷமில்லை. "தன்னால நின்னுடும்" என்பாள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான்.

உண்மையில், காலையில் சிவந்த நுரையைப் பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி. ஏனென்று யாரிடமும் சொன்னதில்லை.

இன்று இட்லியோடு முன்பல் ஒன்று தட்டில் விழுந்தது. தேவராஜ் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டான்.

"எழில் வயித்துல இருக்கச்சொல்ல ஆரம்பிச்சது. இப்போ எழிலுக்குப் பன்னெண்டு."

காவ்யாவுக்குக் கோபமே வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் தாடை எலும்பு பாதி கரைந்திருந்தது.

"அப்பவே வந்திருந்தா எல்லாப் பல்லையும் காப்பாத்திருக்கலாம். சரி விடுங்க. இன்னிக்கு ஆழமா சுத்தம் பண்றேன், ரத்தம் நின்னுடும்."

வாசலில் ஹெல்மெட்டோடு நின்றிருந்த தேவராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இருவரும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நாள் அவனுக்கு நினைவு வந்தது.

சுதா டாக்டரின் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"நிறுத்தாதீங்க டாக்டர். எழில் இன்னும் பொறக்கல."