டப்பாவுக்கு மட்டும் கேட்ட குரல்

அமெச்சூர் ரேடியோ கிளப்பில் ஒரு பழைய ரேடியோப் பெட்டி இருந்தது. இன்று பொழுது சாய்வதற்குள் யாரும் பதில் தராவிட்டால் அதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடுவதென்று பேச்சு. பயத்தில் அது விடிந்ததிலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டது. ஒரு குரலும் திரும்பி வரவில்லை.

"ஊருக்கே காது அடைச்சுப் போச்சா?" என்று கத்தியது.

"நான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேண்ணே," என்றது பக்கத்திலிருந்த எண்ணெய் டப்பா. சோதனை நேரத்தில் பெட்டியின் குரலை வெளியே விடாமல் விழுங்கிச் சூடாவதுதான் அதன் வேலை.

"நீ கேட்டு என்னடா ஆகப்போகுது?" என்று சீறிய பெட்டி சட்டென்று நிறுத்தியது. டப்பா இப்படிச் சுடுகிறதே! "அடப்பாவி! ஏரியல்ல இருக்க வேண்டிய ஒயர் உன்கிட்டயா இருக்கு?"

"நேத்து சோதிச்சுட்டு ஆபரேட்டர் மாத்த மறந்துட்டாருண்ணே."

"முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

டப்பா தயங்கியது. "என்கிட்ட யாரும் இவ்வளவு நேரம் பேசினதே இல்லண்ணே."

வாய்வரை வந்த வசவைப் பெட்டி அடக்கிக்கொண்டது.

தற்செயலாக டப்பாவில் கை வைத்துச் சூட்டை உணர்ந்த ஆபரேட்டர் பெனடிக்ட், நாக்கைக் கடித்துக்கொண்டு ஒயரை ஏரியலுக்கு மாற்றினார். கொஞ்ச நேரத்தில் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. "யாருங்க பேசுறது?"

"நானும் என் தம்பியும்," என்றது பெட்டி.