சியாட்டில் எவ்வளவு தூரம்

காலை ஆறு பத்துக்கு நான்கு பேர் ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்து, திருச்சியில் இறந்துபோன நடனசபாபதியை அதற்குள் கிடத்தினார்கள். அவருடைய கைத்தடி சுவரோரம் சாய்ந்திருந்தது.

“என்னை எத்தனை நாளைக்கு எடுத்திருக்காங்க?” என்று பெட்டி கேட்டது.

“பையன் சியாட்டில்ல இருந்து வரணும், அவன்தான் கொள்ளி வைக்கணும்” என்றது கைத்தடி. “பதிமூவாயிரம் கிலோமீட்டர், இருபத்தாறு மணி நேரம். ஐயா அடிக்கடி கணக்குப் போட்டுச் சொல்வார்.”

“கடைசியா எப்ப வந்தான்?”

“ஒன்பது வருஷம் ஆச்சு. தூரம் அப்படி.”

பெட்டி கொஞ்ச நேரம் உறுமியது. “போன மாசம் உறையூர்ல ஒரு பொண்ணு. அதே சியாட்டில்தான். அப்பனுக்கு மூச்சு நிக்கிறதுக்கு முந்தின நாளே வந்துட்டாளாம்.”

“உனக்கு வாய் ஜாஸ்தி. இவனும் வருவான்.”

மறுநாள் பகல் பதினொன்றுக்கு நடனசபாபதியின் தம்பி, பெட்டியின் கண்ணாடிக்கு மேல் போனைப் பிடித்தார். திரையில் மகன் குமரேசன் அழுதான்.

“லீவு கிடைக்கல சித்தப்பா. நீங்களே முடிச்சிடுங்க. இவ்வளவு தூரத்துல இருந்து நான் என்ன பண்றது?”

“இப்ப என்ன சொல்றே?” என்றது பெட்டி.

“லீவு கிடைக்கலன்னானே, காது கேட்கலையா உனக்கு?” என்று கைத்தடி சீறியது.

தம்பி கொள்ளி வைத்தார். கைத்தடியையும் சிதையில் போட்டு எரித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஜூன் ஒன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு, அப்பாவின் வீட்டை விற்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட, குமரேசன் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் வந்தான்.