விரிசலின் குறுக்கே

சுரங்க ரயில் நிலையத்துக்காகத் தெருவைத் தோண்டத் தொடங்கியபோது, ஜம்புலிங்கத்தின் வீட்டுக் கூடத்துச் சுவரிலிருந்த விரிசலின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, தேதி எழுதிவிட்டுப் போனார்கள். அது உடைந்தால் சுவர் அசைகிறது என்று அர்த்தம். உடனே காலி செய்ய வேண்டும். அப்படி இரண்டே வாரம் என்று லாட்ஜுக்குப் போன எதிர்வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது, வீடு இருந்த இடத்தில் தகர வேலி நின்றது. அதனால் கண்ணாடி உடைந்த அன்றே ஜம்புலிங்கம் கடையில் அதே அளவில் ஒரு டஜன் வெட்டி வாங்கி வந்தார். தேதியை அதே கோணல் கையெழுத்தில் எழுதப் பழகிக்கொண்டார். மனைவி கோமளா கதவைக்கூட ஓசைப்படாமல் சாத்தினாள். ஆனாலும் மாதத்துக்கு ஒன்று உடைந்தது, பிறகு வாரத்துக்கு ஒன்று.

பதினோராவது துண்டின் பசை காய்வதற்குள் சுரங்க ரயில் வேலைக்காக வீடு வீடாக அளவெடுக்கும் பெண் ரெஜினா வந்து டார்ச் அடித்தாள். விரிசலை அவள் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லியிருந்தது கண்ணாடியைத்தான்.

“இந்தத் தெருவுலயே உங்க வீடுதான் சார் கெட்டி. உங்க ரீடிங்கக் காட்டித்தான் பர்மிஷன் வாங்கியிருக்காங்க. கீழ மெஷின் இனிமே ஃபுல் ஸ்பீடுல போகும்.”

“எப்பலேர்ந்தும்மா?”

“இன்னிக்கி பத்து மணிக்கு சார்.”

கோமளா அவரையே பார்த்தாள். ஜம்புலிங்கம் வாயைத் திறந்தார்.

“காபி சாப்பிட்டுப் போம்மா” என்றார்.

ரெஜினா போனபோது மணி ஒன்பதரை. ஜம்புலிங்கம் கடைசிக் கண்ணாடியைத் துடைத்து, அதே பழைய தேதியை எழுத ஆரம்பித்தார்.