முந்நூற்று எண்பது பேர்

"அந்த ஒரு கட்டுரையை மட்டும் பட்டியல்லேருந்து எடுத்துட முடியுமாம்மா?"

பேராசிரியர் மூன்றாவது முறையாகக் கேட்டார். கோப்புப் பிரிவு எழுத்தர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்று பதவி உயர்வு நேர்காணல். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் கட்டுரையைச் சேர்க்கச் சொல்லித்தான் அவள் உயிரை வாங்கினார்கள். எடுக்கச் சொல்லி வந்து நின்றவர் இவர் ஒருவர்தான்.

"எடுக்கலாம் சார். எடுத்துட்டா நீங்க உள்ள போகவே வேண்டாம், இப்படியே வீட்டுக்குப் போயிடலாம்."

"என்னம்மா இப்படிச் சொல்றே?"

"மூணாவது விதி என்ன? உங்க ஆய்வைக் குறைஞ்சது முந்நூறு பேராவது அவங்க கட்டுரையில மேற்கோள் காட்டியிருக்கணும். உங்களுக்கு மொத்தம் நானூத்திப் பன்னிரண்டு. அதுல முந்நூத்தி எண்பது இந்த ஒரு கட்டுரைக்கு. மிச்சம் எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க, நீங்கதான் கணக்குப் புலி."

"முப்பத்திரண்டு" என்றார் பேராசிரியர், குரலே எழும்பாமல்.

எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் ஆகிவிட்டால் மட்டும் போதாது. பேராசிரியர்களுக்குள்ளேயே மூன்று படிகள் உண்டு. இவர் பதினொரு வருடமாக இரண்டாம் படியிலேயே உட்கார்ந்திருந்தார். இவரிடம் படித்த ஒருவன் மூன்றாம் படிக்குப் போய், மாடியில் பெரிய அறையும் வாங்கிவிட்டான். இவரைக் கண்டால் இன்னமும் எழுந்து நிற்கிறான். அந்த மரியாதைதான் இவருக்குத் தாங்கவில்லை. இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் கை நழுவிப் போயிற்று. இந்த முறையும் போனால் ஓய்வு பெறும்வரை மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அதுவும் விதிதான்.

"முந்நூத்தி எண்பது பேர் உங்க பேரைச் சொல்லியிருக்காங்க. வேற யாராவதா இருந்தா நெத்தியில ஒட்டிக்கிட்டுத் திரிவாங்க" என்றாள் எழுத்தர். "உங்களுக்கு ரொம்பத்தான் தன்னடக்கம் சார்."

தன்னடக்கம் எங்கே வந்தது? அவருக்கு இருந்தது பயம். கட்டுரை வெளிவந்து இருபத்திரண்டு வருடங்கள். அதைப் பற்றி யார் எங்கே எழுதினாலும் அவர் படிப்பதில்லை. தலைப்பைப் பார்த்ததும் மூடிவிடுவார். நேர்காணல் குழுவில் இருப்பவர்கள் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டும், கட்டுரையைப் பிரித்துவிடக் கூடாது. ஒரு வாரமாக அவருடைய வேண்டுதல் இது ஒன்றுதான்.

செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, கூப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"அந்தக் கட்டுரையைப் பத்திக் கேட்டா என்ன சொல்லப் போறீங்க?"

"கேக்க மாட்டாங்க."

"கேட்டா உண்மையைச் சொல்லிடுங்க. இத்தனை வருஷம் மனசுக்குள்ள போட்டுப் புழுங்கினது போதும்."

பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியூர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். யார் வருகிறார்கள் என்பது கதவு திறக்கும்வரை ரகசியம். நடுவில் குழுத் தலைவி, வலப்பக்கம் தாடிக்காரர் ஒருவர், இடப்பக்கம் ஒல்லியாக ஒருவர். வகுப்புகள், ஆய்வு மாணவர்கள் என்று முதல் இரண்டு விதிகளும் சிக்கலில்லாமல் முடிந்தன. மூன்றாவதற்கு வந்ததும் தலைவி பக்கம் புரட்டுவதை நிறுத்தினார்.

"'களிமண்ணில் நீர் இறங்கும் வேகம்.' இதை எழுதினது நீங்கதானா?"

"ஆமா மேடம்."

"கூட வேற யாராவது?"

"இல்ல மேடம். நான் தனியாத்தான்."

தலைவி வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். தாடிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேராசிரியரை ஏற இறங்கப் பார்த்தார். ஒல்லியானவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டார் பேராசிரியர்.

"ஏழாவது விதிக்கு நேரா ஒண்ணுமே எழுதாம விட்டிருக்கீங்களே" என்றார் தலைவி. "உங்க ஆய்வால மத்த ஆய்வாளர்கள் யாராவது முன்னேறியிருக்காங்களான்னு கேட்டிருக்கு."

"அப்படிச் சொல்லிக்கிற மாதிரி யாரும் இல்ல மேடம்."

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"மேடம், நானே சொல்லிடறேன். அந்தக் கட்டுரையில ஒரு தப்பு இருக்கு. பெருக்க வேண்டிய இடத்துல வகுத்துட்டேன். அத்தனை பேரும் மேற்கோள் காட்டினது, அது தப்புன்னு சொல்றதுக்குத்தான். யாரும் என்னைப் பாராட்டி எழுதல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தலைவி பேனாவைத் திறந்து எதையோ எழுதும் சத்தம் கேட்டது. பிறகு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஏழாவது விதிக்கு நேராக முழு மதிப்பெண்.

"அந்தத் தப்பைக் கண்டுபிடிச்சது நான்தான் சார். அதுலதான் மூணாம் படிக்கு வந்தேன்" என்றார் தலைவி.

"எனக்கு அதுல இருக்கிற ரெண்டாவது தப்பு" என்றார் தாடிக்காரர்.

ஒல்லியானவர் எழுந்து வந்து பேராசிரியரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மூணாவது என்னோடது சார்."

"நாலாவது ஒண்ணு இருக்கும்னு என் மாணவி தேடிக்கிட்டு இருக்கா" என்றார் தலைவி. "அவளுக்கு ஒரு வேலை கிடைக்கிற வரைக்கும், தயவுசெஞ்சு நீங்களா எதையும் திருத்திடாதீங்க."